பெற்றோர் வேறு ஊரில், படிப்பு கலிபோர்னியாவில்: இன்-ஸ்டேட் கட்டணம் பற்றிய கேள்வி-பதில்

கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் மாநிலவாசிக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு ஒரு கட்டணம். பெற்றோர் டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ சென்னையிலோ இருந்தாலும், 24 வயது நிரம்பாத மாணவர் "என் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று நிரூபித்து இன்-ஸ்டேட் கட்டணம், அதாவது மாநிலவாசிக்கான கட்டணம், கேட்க வழி உண்டு. குறுகலான வழிதான். பலர் காகிதங்களைச் சேர்ப்பதில் காட்டும் கவனத்தைப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் காட்டுவதில்லை, அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கீழே சொல்வது பெரும்பாலும் யூசி, அதாவது யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியாவின் விதிகள். சிஎஸ்யூ (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி), இரண்டாண்டுப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜ் ஆகியவற்றின் விதிகள் வேறுபடுவதால் அவை தனியாக வருகின்றன.

கட்டணத்தில் எவ்வளவு வித்தியாசம்?

2025-26ல் யூசியில் புதிதாகச் சேர்ந்த வெளிமாநில இளநிலை மாணவர், எல்லோரும் கட்டும் கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 37,602 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டில் இது 34,200. நாலு வருஷத்துக்கு அதே தொகை என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டுகிறது. விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் தனி.

என்னென்ன நிரூபிக்க வேண்டும்?

நாலு விஷயம். மாநிலவாசி ஆகத் தகுதி தரும் குடியேற்ற நிலை வேண்டும். 366 நாள் கலிபோர்னியாவில் உடலளவில் இருந்திருக்க வேண்டும். இங்கேயே தங்கும் எண்ணத்தைக் காட்ட வேண்டும். பெற்றோர் கலிபோர்னியாவாசிகள் இல்லையென்றால் பொருளாதாரச் சுதந்திரத்தையும், அதாவது உங்கள் செலவை நீங்களே பார்த்துக்கொள்வதையும், காட்ட வேண்டும். இதில் மூன்று சரியாக இருந்து ஒன்று விழுந்தாலும் வெளிமாநிலக் கட்டணம்தான். சராசரி பார்த்து மதிப்பெண் போடும் வேலை இல்லை.

நான் அமெரிக்காவில் பிறந்து சென்னையில் வளர்ந்தவன். அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறது. போதாதா?

போதாது. பாஸ்போர்ட் முதல் விஷயத்தை மட்டும் தீர்க்கிறது. சான் ஹோசேயில் பிறந்து இரண்டு வயதில் சென்னைக்குப் போனவரும், நியூ ஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்தவரும் யூசியின் கண்ணில் ஒன்றுதான்: இருவருமே வெளியார். பிறந்த ஊர் கணக்கில் வராது.

எச்-4 விசாவில் இருக்கிறேன். எஃப்-1 விசாவில் இருக்கிறேன். எங்களுக்கு உண்டா?

எச்-4 (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தரப்படுவது), எச்-1பி, எல் விசாக்களில் இருப்பவர்கள் கலிபோர்னியாவில் வசிப்பிடம் நிலைநாட்டலாம். எஃப்-1 (மாணவர்), ஜே-1 (பரிமாற்றத் திட்டம்), பி (குறுகிய காலப் பயணம்) விசாக்களில் இருப்பவர்களால் முடியாது. எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த நாட்கள் கணக்கில் சேராது.

நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது 21-ஆம் பிறந்தநாள். அன்றோடு எச்-4 முடிகிறது. வழக்கமாகச் செய்வது எஃப்-1க்கு மாறுவது. அப்படி மாறினால் அதுவரை இருந்த மாநிலவாசித் தகுதியும் ஆட்டம் காணும். பிள்ளை மூன்றாம் ஆண்டு படிக்கும்போது இது வந்து நிற்கும் என்பதால், சேரும்போதே குடியேற்ற வழக்கறிஞரிடமும் கல்லூரியின் ரெசிடென்ஸ் டெப்யூட்டியிடமும் பேசிவைப்பது நல்லது. வசிப்பிட முடிவுகளை எடுக்கும் அதிகாரிக்கு யூசியில் இதுதான் பதவிப் பெயர்.

366 நாளை எங்கிருந்து எண்ணுவது?

பின்னோக்கி எண்ண வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் ரெசிடென்ஸ் டிடர்மினேஷன் டேட் என்று ஒரு நாள் குறிக்கப்படும். பெர்க்லியும் மெர்செடும் செமஸ்டர் முறை. மற்ற இளநிலை வளாகங்கள் குவார்ட்டர் முறை. அதனால் தேதியும் வேறு. உங்கள் வளாகத்தின் ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் அந்தத் தேதியைப் பார்த்து, அதற்கு ஓராண்டுக்கும் ஒரு நாள் முன்னால் நீங்கள் கலிபோர்னியாவில் இருந்தீர்களா என்று பாருங்கள். 365 நாள் என்றால் அடுத்த பருவத்துக்குத்தான்.

இடையில் வெளியே போகலாம். ஆனால் கோடை விடுமுறை முழுக்க டல்லாஸில் அப்பா அம்மாவோடு இருந்துவிட்டு ஆகஸ்டில் திரும்பினால், "வீடு அங்கே, படிப்புக்கு மட்டும் இங்கே" என்றுதான் வாசிப்பார்கள். மொத்தம் ஆறு வாரத்துக்கு மேல் வெளியே இருந்தாலே கேள்வி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் கல்யாணத்துக்கு மூன்று வாரம் போய்வந்தால் விமானச் சீட்டை எடுத்துவையுங்கள்; போன தேதியும் வந்த தேதியும் கேட்பார்கள்.

"தங்கும் எண்ணம்" என்பதை எப்படிக் காட்டுவது?

வாய்ச்சொல்லால் முடியாது. எந்தத் தேதியில் என்ன செய்தீர்கள் என்று பார்ப்பார்கள். கலிபோர்னியா டிரைவர் லைசென்ஸ், வண்டி ஓட்டாதவருக்கு மாநில அடையாள அட்டை, கார் இருந்தால் கலிபோர்னியாப் பதிவு, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கில் கலிபோர்னியா முகவரி, குடிமகனாக இருந்தால் வாக்காளர் பதிவு, வந்த நாளிலிருந்து கலிபோர்னியாவுக்கு வருமான வரி: இவைதான் வழக்கமான சான்றுகள். ஆண்டின் நடுவில் வந்தவர் பகுதியாண்டு வாசியாக 540என்ஆர் படிவமும், முழு ஆண்டும் இருந்தவர் 540 படிவமும் தாக்கல் செய்வார்.

இங்கே குடியமர்ந்தால் 10 நாளில் லைசென்ஸ் எடுக்க வேண்டும், 20 நாளில் காரைப் பதிய வேண்டும் என்று மோட்டார் வாகனத் துறையே சொல்கிறது. செப்டம்பரில் வந்து மார்ச்சில் லைசென்ஸ் எடுத்தவரிடம் "ஆறு மாதம் பழைய மாநில லைசென்ஸை ஏன் வைத்திருந்தீர்கள்?" என்று கேட்பார்கள். நல்ல பதில் இல்லையென்றால் ஓராண்டுக் கணக்கே மார்ச்சில் தொடங்கும். வந்த முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் முடிப்பது இதற்காகத்தான். பழைய மாநிலத்தோடு இருக்கும் தொடர்புகளையும் அறுக்க வேண்டும்: அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர், அங்கே பதிந்த கார், அங்கத்திய வாசியாக வரித் தாக்கல். ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்கும் வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பது வீண்.

ஒரு எச்சரிக்கை. லைசென்ஸ் விண்ணப்பத்தோடு வாக்காளர் பதிவும் கேட்கப்படும். எச்-4, எச்-1பி, கிரீன் கார்டு எதுவாக இருந்தாலும், குடிமகன் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் குறி போடவே கூடாது. கட்டணச் சலுகைக்காகச் செய்தேன் என்றால் குடியேற்றத் துறை ஏற்காது. பின்னாளில் கிரீன் கார்டும் குடியுரிமையும் சிக்கலாகும்.

பொருளாதாரச் சுதந்திரத்தை யார் நிரூபிக்க வேண்டியதில்லை?

பருவம் நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 24 வயது ஆகிறவர், திருமணமானவர், அமெரிக்கப் படையில் பணியாற்றியவர், துணையைத் தவிர வேறு யாரையாவது சட்டப்படி பராமரிப்பவர், பெற்றோர் இருவரையும் இழந்தவர் அல்லது நீதிமன்றப் பாதுகாப்பில் வளர்ந்தவர். முதுநிலை மாணவர்களைப் பெற்றோர் தங்கள் வரிக் கணக்கில் சார்ந்தவராகக் காட்டாவிட்டால் போதும். பெற்றோர் ஏற்கெனவே கலிபோர்னியாவாசிகள் என்றால் அவர்கள் பிள்ளைக்கும் இந்த நிபந்தனை இல்லை. ஆனால் இவர்கள் எல்லோருக்குமே 366 நாளும் தங்கும் எண்ணமும் பொருந்தும்.

பட்டியலில் திருமணம் இருப்பதைப் பார்த்துச் சிலருக்கு யோசனைகள் தோன்றும். கட்டணத்துக்காகக் கல்யாணம் செய்துகொள்வதைப் பற்றி எங்களிடம் ஆலோசனை எதுவும் இல்லை.

மற்றவர்கள் எதைக் காட்ட வேண்டும்?

இரண்டு. பருவத்துக்கு முந்தைய வரி ஆண்டில் பெற்றோரோ வேறு யாருமோ உங்களைச் சார்ந்தவராகக் காட்டியிருக்கக் கூடாது. கூடவே, ஓராண்டு முழுக்க உங்கள் செலவை உங்கள் பணத்திலேயே ஓட்டியிருக்க வேண்டும்.

உங்கள் பணம் எது என்பதில்தான் சண்டையே. உழைத்துச் சம்பாதித்தது, அந்தச் சம்பாத்தியத்தில் சேமித்தது, உங்கள் பெயரில் வந்த கல்வி உதவி, இணைக் கையெழுத்து இல்லாமல் உங்கள் பெயரில் மட்டும் எடுத்த கடன்: இவை செல்லும். பெற்றோர் அனுப்பிய பணம், தாத்தா கொடுத்த அன்பளிப்பு, அப்பா அம்மா போட்டுவைத்த 529 கல்விச் சேமிப்பு, குடும்ப டிரஸ்ட், பெற்றோர் தங்கள் பெயரில் மத்திய அரசிடம் வாங்கும் பேரண்ட் பிளஸ் கடன்: இவை செல்லாது. அப்பா கூட்டாகக் கையெழுத்துப் போட்டு இந்திய வங்கியில் எடுத்த கல்விக் கடனும் அப்படித்தான். திருப்பிக் கட்டப்போவது நீங்களாக இருக்கலாம். ஆனால் வங்கி அதை உங்களை மட்டும் நம்பிக் கொடுக்கவில்லை.

படித்துக்கொண்டே இதைச் சாதிக்க முடியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025ல் கலிபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். வாரம் 40 மணி நேரம், 52 வாரம், ஒரு நாள்கூட விடுப்பில்லாமல் உழைத்தால் வருவது 34,320 டாலர், அதுவும் வரிக்கு முன். வெளிமாநிலக் கூடுதல் கட்டணம் மட்டுமே 37,602. வாடகையும் சாப்பாடும் இன்னும் தொடங்கவே இல்லை. நிரூபிக்க வேண்டிய அந்த ஓராண்டில் நீங்கள் யூசியில் சேர்ந்திருந்தால், அந்தக் கட்டணத்தையும் நீங்களேதான் கட்டியிருக்க வேண்டும். முதலாண்டு மாணவர் தன் பெயரில் வாங்கக்கூடிய மத்திய அரசுக் கடனோ, கல்வி உதவிக்காகச் சார்ந்தவராகக் கருதப்படும்வரை 5,500 டாலர்தான்.

"முதல் வருஷம் அப்பா கட்டட்டும், அதற்குள் நான் மாநிலவாசி ஆகிவிடுகிறேன்" என்ற திட்டம் உடைவது இங்கேதான். அப்பா கட்டிய அந்த வருஷமே உங்களுக்கு எதிரான சான்று. பெரிய உதவித்தொகையோ முன்னதாக உழைத்துச் சேர்த்த பெரிய சேமிப்போ இல்லாமல், யூசியில் முழுநேர இளநிலை படித்துக்கொண்டே இதைக் கடப்பவர்கள் அரிது.

அப்படியானால் நடைமுறையில் வேலை செய்யும் வழி எது?

வந்து, வேலை பார்த்து, பிறகு சேர்வது. கலிபோர்னியாவுக்குக் குடிவந்து, முழுநேர வேலையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டு யூசியில் சேர்ந்தால் பெரிய கட்டணச் சுமை அந்த ஆண்டில் இருக்காது. வாடகை, சாப்பாடு, போக்குவரத்தைச் சம்பளம் தாங்கினால் கணக்கு நிற்கும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, காலண்டர். 366 நாள் செப்டம்பரிலிருந்து எண்ணலாம், வரி ஆண்டோ ஜனவரியில் தொடங்குகிறது. 2027 ஃபால் (இலையுதிர்காலப்) பருவத்துக்கு விண்ணப்பிப்பவருக்குப் பார்க்கப்படும் வரி ஆண்டு 2026. 2026 ஆகஸ்டில் குடிவந்து, அதற்கு முந்தைய ஏழு மாதம் டெக்சாஸில் பெற்றோர் செலவில் இருந்தவரை அவர்கள் அந்த ஆண்டுக்கு வரிக் கணக்கில் காட்டிவிட்டால் கதை முடிந்தது. ஜனவரிக்குள் வந்துவிடுவது இந்தத் தலைவலியைத் தவிர்க்கும். இரண்டாவது, சேர்க்கை. யூசியில் இடம் கிடைத்த பிறகு ஒரு வருஷம் தள்ளிப்போட அனுமதி தானாகக் கிடைக்காது. வளாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பெற்றோர் என்னை வரிக் கணக்கில் காட்டாமல் விட்டால் போதாதா?

அது பாதிதான். நீங்களே தாக்கல் செய்யும் 1040 என்ற மத்திய வருமான வரிப் படிவத்தில் "வேறொருவர் உங்களைச் சார்ந்தவராகக் காட்ட முடியுமா?" என்று கேட்கும் கட்டம் உண்டு. காட்டினார்களா என்று அது கேட்கவில்லை, காட்ட முடியுமா என்று கேட்கிறது. 24 வயதுக்குக் கீழ் முழுநேர மாணவராக இருந்து, உங்கள் செலவில் பாதிக்கு மேல் நீங்களே ஏற்கவில்லையென்றால், பொதுவாக அதற்கு விடை "முடியும்". விடுதியில் தங்கியிருப்பது வீட்டில் இருந்ததாகவே எண்ணப்படும். வேலை பார்க்கும் ஆண்டில் நீங்கள் மாணவர் இல்லை, வயதும் 19 ஆகிவிட்டது, கையில் முழுச் சம்பளம் இருக்கிறது என்றால் பெற்றோரால் காட்ட முடியாது. மேலே சொன்ன வழிக்கு இது இன்னொரு வசதி.

பெற்றோர் தெரியாமல் காட்டிவிட்டால் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் மூலம் திருத்தலாம். ஆனால் திருத்தம் காகிதத்தைத்தான் மாற்றும். அந்த ஆண்டு உங்கள் வாடகையைக் கட்டியது அவர்கள் என்பதை மாற்றாது. பெற்றோர் இந்தியாவில் இருந்து, அமெரிக்காவில் வரியே தாக்கல் செய்யாதவர்கள் என்றால் இந்த முதல் நிபந்தனை தானாகவே நிறைவேறும். சென்னையிலிருந்து மாதாமாதம் வரும் பணம்தான் இரண்டாவதில் உதைக்கும்.

ஃபேமிலி பிளான் ஃபோன், அப்பாவின் காப்பீடு, ஃப்ரீமான்ட் சித்தப்பா வீட்டில் இலவச அறை: இதையெல்லாமா பார்ப்பார்கள்?

பார்ப்பார்கள் என்றே எண்ணி ஏற்பாடு செய்யுங்கள். சித்தப்பா வீட்டில் தங்குவது நாட்கணக்குக்குப் பாதகமில்லை. வாடகை தராமல் தங்கினால், உங்கள் செலவை வேறொருவர் ஏற்கிறார் என்று பொருள். சித்தப்பாவே வாடகை வேண்டாம் என்றாலும் ஒரு எளிய ஒப்பந்தம் எழுதி, மாதம் ஒன்றாம் தேதி வங்கி வழியாக அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் நிரூபிக்க வழியில்லை. ஃபோன், காப்பீடு, கார் பங்கையும் அப்படியே மாதாமாதம் அனுப்பினால் வங்கி அறிக்கையே சாட்சி சொல்லும். பெற்றோர் முதலீட்டுக்காக இர்வைனில் வாங்கிப்போட்ட கான்டோவில் இலவசமாகத் தங்குவதும் ஆதரவுதான். அந்தச் சொத்து உங்களை மாநிலவாசி ஆக்காது.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு தாளில் 12 மாதத்துக்கும் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். வரவு 24,000, செலவு 31,000 என்று வந்தால் மீதி 7,000 எங்கிருந்து வந்தது என்பதுதான் அதிகாரியின் முதல் கேள்வியாக இருக்கும். வரவைவிடச் செலவு மிகக் குறைவாக இருந்தாலும் சந்தேகம் வரும்: மாதம் 60 டாலரில் யாரும் சாப்பிடுவதில்லை.

ஃபாஃப்சாவில் நான் "இன்டிபென்டன்ட்". அது இங்கே செல்லுமா?

அது வேறு கதவு. ஃபாஃப்சா மத்திய அரசின் கல்வி உதவிக்கானது. இது மாநிலக் கட்டணத்துக்கானது. வயது, திருமணம், படைச்சேவை போன்றவை இரண்டிலும் வருவதால் குழப்பம். தலைகீழாகவும் நடக்கும்: யூசி உங்களைப் பொருளாதாரச் சுதந்திரம் உள்ளவராக ஏற்றபிறகும், 24 வயது ஆகாததால் ஃபாஃப்சா பெற்றோரின் வருமானத்தைக் கேட்கும். இரண்டு படிவத்திலும் விடை மாறியிருப்பது தவறில்லை.

சிஎஸ்யூவிலும் கம்யூனிட்டி காலேஜிலும் எப்படி?

அங்கே சேரும்போதே மாநிலவாசியா, சேர்ந்தபின் மாற்றக் கேட்பவரா என்பது பெரிய வித்தியாசம். வெளிமாநிலத்தவராகச் சேர்ந்துவிட்டுப் பிறகு மாற்றக் கேட்டால், நடப்பு ஆண்டும் முந்தைய மூன்று ஆண்டுகளும் பார்க்கப்படும்: பெற்றோர் வரிக் கணக்கில் காட்டியிருக்கக் கூடாது, ஆண்டுக்கு 750 டாலருக்கு மேல் பெற்றோரிடம் வாங்கியிருக்கக் கூடாது, ஆறு வாரத்துக்கு மேல் பெற்றோர் வீட்டில் தங்கியிருக்கக் கூடாது. 19 வயதுக்காரர் எவருக்கு இது சாத்தியம்? அதனால் இங்கேயும் முதலில் ஒரு வருஷம் வசித்து, பிறகு முதல்முறையாகச் சேர்வதே புத்திசாலித்தனம். 18 வயதுவரை உங்கள் வசிப்பிடம் பெற்றோருடையது. அதன்பிறகுதான் உங்கள் ஓராண்டு ஓடத் தொடங்கும்.

சிஎஸ்யூவில் ஃபால் பருவத்துக்குத் தீர்மான நாள் செப்டம்பர் 20, ஸ்பிரிங் செமஸ்டருக்கு ஜனவரி 25. கம்யூனிட்டி காலேஜில் பருவம் தொடங்குவதற்கு முந்தைய நாள். மாநிலவாசிக்கு அங்கே ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாட அலகுக்கு, 46 டாலர்தான். அங்கே இரண்டு வருஷம் படித்து யூசிக்கு மாறுகிறவர்கள் ஏராளம். ஆனால் கம்யூனிட்டி காலேஜ் உங்களை மாநிலவாசி என்று ஏற்றதை யூசி அப்படியே எடுத்துக்கொள்ளாது. தன் விதிப்படி மறுபடி பார்க்கும்.

ஏபி 540 என்கிறார்களே?

2001ல் வந்த சட்டம். கலிபோர்னியாவில் மூன்று ஆண்டு உயர்நிலைப் பள்ளி போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்கு வெளிமாநிலக் கட்டணத்திலிருந்து விலக்கு. முன்பு இங்கே பள்ளி படித்து, பிறகு பெற்றோரோடு வேறு மாநிலம் போன குடிமகன் அல்லது கிரீன் கார்டு மாணவர் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பொருளாதாரச் சுதந்திரம், 366 நாள் எதுவும் தேவையில்லை. எச்-4, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கு இல்லை.

வேறு மாநிலங்களில் இதே விதிதானா?

ஓராண்டு வசிப்பு பரவலானது, மற்றவை மாறும். ஃபுளோரிடாவில் பெற்றோர் உங்களை வரியில் காட்டினார்களா என்பதைவிட, காட்டத் தகுதி உண்டா என்பதே பார்க்கப்படும். வாஷிங்டனில் பருவத்துக்கு ஆறு கிரெடிட்டுக்கு மேல் படிப்பவர் படிப்புக்காகவே வந்தவர் என்று கருதப்படுவார். இல்லையென்று காட்டும் பொறுப்பு அவருடையது. ஆனால் "வெளியாராக விண்ணப்பித்தவர் கடைசிவரை வெளியாரே" என்று எந்த மாநிலமும் மூடிவிட முடியாது. கனெக்டிகட் அப்படி வைத்திருந்த விதியை 1973ல் விளாண்டிஸ் எதிர் கிளைன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

விண்ணப்பம் எப்படி? மறுத்துவிட்டால்?

புதிதாகச் சேர்பவர் இடத்தை ஏற்றபின் ஸ்டேட்மென்ட் ஆஃப் லீகல் ரெசிடென்ஸ் படிவத்தை இணையத்தில் நிரப்புகிறார். ஏற்கெனவே படிப்பவர் மறுவகைப்பாட்டுக்கு மனு போட வேண்டும். யாரும் தானாக மாற்றித் தர மாட்டார்கள். மனுவின் கடைசித் தேதி வளாகத்துக்கு வளாகம் வேறு. வரித் தாக்கல், டபிள்யூ-2 (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்று), 12 மாத வங்கி அறிக்கை, வாடகை ஒப்பந்தம், லைசென்ஸ் நகல், கடன் ஒப்பந்தம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். வங்கி அறிக்கையில் ஒரு பக்கம் விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புவார்கள், அதில் வாரங்கள் போய்விடும்.

முடிவு வருவதற்குள் கட்டணத் தேதி வந்தால் வெளிமாநிலக் கட்டணத்தைக் கட்டுவதா, தவணைக்கு ஏற்பாடு உண்டா என்று பில்லிங் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். "மனு நிலுவையில் இருக்கிறது" என்று சும்மா இருந்தால் வகுப்புப் பதிவு ரத்தாகலாம். போன பருவங்களுக்குக் கட்டியது திரும்ப வராது.

மறுப்புக் கடிதத்தில் காரணமும் மேல்முறையீட்டுக் காலக்கெடுவும் இருக்கும். கெடு குறுகியது. "எங்கள் குடும்ப நிலைமை கஷ்டம்" என்று நாலு பக்கம் எழுதுவதில் பயனில்லை. சொன்ன காரணத்துக்கு நேரான சான்று இருந்தால் மேல்முறையீடு செய்யுங்கள். விடுபட்ட ஆவணம், தவறாக வாசிக்கப்பட்ட தேதி போன்றவை திருத்தப்படக்கூடியவை. நாட்கணக்கு உண்மையிலேயே குறைந்தால், குறைந்த நாட்கள் கடந்தபின் அடுத்த பருவத்துக்குப் புது மனு போடுவதே விரைவு. பொய்ச் சான்று மட்டும் வேண்டாம்: தெரியவந்தால் கடந்த பருவங்களுக்கும் சேர்த்து வெளிமாநிலக் கட்டணம் கேட்பார்கள், ஒழுங்கு நடவடிக்கை வேறு.